ஆவுடை கோத்த பாசி

ஆவுடைச்செல்வியின் மூடிய கைக்குள் முதல் பாசிமணி வந்தது நல்ல தண்ணீர் வருகிற நாளில் என்பதால், அதைப் பார்த்து ஆச்சரியப்பட எங்கள் காம்பவுண்டில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கோவில்பட்டியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குழாய், அதைச் சுற்றி நாங்கள் அத்தனை பேரும் குடமும் இடுப்புமாக நின்றுகொண்டிருக்க, ஆவுடையின் நாத்தனார் குருவம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து பல் தேய்த்தபடி, "ஒரு ரசம் வைக்கத் துப்பில்ல, இவ பாசி கோத்து யாவாரம் பண்ணப் போறாளாம்" என்று தெருமுனைவரை கேட்கும்படி சொன்னாள். ஆவுடைக்கு அதற்குப் பதில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. வழக்கம்போல அதை விழுங்கினாள், விழுங்கும்போது வழக்கம்போல வலது கை தானாக இறுக மூடிக்கொண்டது, பிறகு குடத்தைத் தூக்குவதற்காகக் கையைத் திறந்தால் உள்ளே அரக்கு நிறத்தில் பளபளவென்று ஒரு பாசி.

பக்கத்து வீட்டு டெய்லர் அமலோற்பவம் அதை வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "ஓட்டை நேரா இருக்குட்டி. நூல் சிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் குடத்தை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

அதுவரை ஆவுடை பஞ்சாலை வேனில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவள். விடிவதற்கு முன்பே தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும், திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும்போது மகள் கனிஷ்கா தூங்கிப் போயிருப்பாள், பிள்ளைக்கு முன்பல் விழுந்ததைக்கூட ஞாயிற்றுக்கிழமை சிரிக்கும்போதுதான் பெற்றவள் பார்த்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். எது செய்தாலும் வீட்டில் இருந்தே செய்ய வேண்டும், பிள்ளை கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் இருக்க வேண்டும். மகளிர் குழுவில் நடந்த இலவசப் பயிற்சியில் பாசி கோக்கக் கற்றுக்கொண்டாள். நைலான் நூலும் கொக்கியும் ஒரு மூக்குக்குறடும் அங்கேயே கொடுத்தார்கள், பாசிதான் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கல்யாணமான வருஷமே கோபித்துக்கொண்டு திரும்பிவந்து, தம்பி ராமசுப்புவைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவள் குருவம்மாள். அந்த உரிமையில் அவள் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். தீபாவளிவரை பார்ப்பது, பாசி யாவாரம் ஓடவில்லை என்றால் ஆவுடை பேசாமல் வேனில் ஏறிவிட வேண்டியது.

பேசாமல் இருப்பது ஆவுடைக்குப் புதிது இல்லை. ஆனால் அதற்கு இப்போது கைமேல் பலன் கிடைக்க ஆரம்பித்தது. குருவம்மாள் காலையில் ஒன்று சொல்வாள், மத்தியானம் ஒன்று சொல்வாள், விளக்கு வைக்கும் நேரத்தில் நல்ல நேரம் என்று பார்க்காமல் இன்னொன்று சொல்வாள், ஒவ்வொன்றுக்கும் ஆவுடையின் கையில் ஒரு பாசி விழும், அதை அவள் அடுப்படி டப்பாவில் போட்டுவைப்பாள். டப்பா நிறைந்ததும் ஒரு மாலை கோத்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போட அமலோற்பவத்திடம் பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த ஒருத்தி அதைக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்ற மனமில்லாமல் போட்டுக்கொண்டே போனாள். அந்தக் கல்யாண வீட்டுக்கு வந்திருந்தவர்கள் அடுத்த வாரம் எங்கள் காம்பவுண்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

தான் திட்டுவதால்தான் பாசி விழுகிறது என்ற விஷயம் தெரிந்ததும் குருவம்மாளுக்கு வருத்தமோ வெட்கமோ வந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குக் குருவம்மாளைத் தெரியாது. "பட்டுச் சேலைக்கு எடுக்கிறது ஏம் பாசிதான்" என்று பால்காரரிடம்கூடப் பெருமை பேசினாள். முன்பெல்லாம் வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டிருந்தவள் இப்போது பொறுப்போடு திட்டினாள். குளித்து, நெற்றிக்குத் திருநீறு பூசி, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒரு வேலைக்கு உட்காருகிறவளாக வந்து உட்கார்ந்து ஆரம்பிப்பாள், முடிந்ததும் மருமகப்பிள்ளைக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதுபோல ஆவுடைக்குத் தன் கையால் காப்பி போட்டுக் கொடுப்பாள்.

ஆனால் ஊரில் எல்லோரும் அரக்கு நிறத்தையா உடுத்துகிறார்கள்? ரவிக்கைத் துணியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, இதற்குத் தோதாக வேண்டும் என்று கேட்பார்கள். சமையலைப் பற்றிச் சொன்னால் அரக்கு வருகிறது, பிறந்த வீட்டைப் பற்றி இழுத்தால் மயில்கழுத்து நீலம் வருகிறது என்பதைக் குருவம்மாள்தான் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்த கையோடு, ஒருத்தியால் எல்லா நிறத்துக்கும் ஈடுகொடுக்க முடியாது என்று காம்பவுண்டு முழுவதையும் துணைக்கு அழைத்தாள். நாங்களும் போனோம். கஷ்டப்பட்டு முன்னுக்கு வருகிற பெண், கூடமாட ஒத்தாசை செய்யாவிட்டால் எப்படி?

முதலில் எல்லோரும் ஒப்புக்குத்தான் திட்டினோம். "ஏ மூதேவி, ஏ கழுத" என்று சும்மா சொல்லிப் பார்த்தோம், ஆவுடைக்குச் சிரிப்புதான் வந்தது, கை மூடவே இல்லை. விழுங்குவதற்கு ஒரு பதில் உள்ளே கிளம்பினால்தானே கை மூடும்! ஆகவே நிஜத்தையே சொல்ல வேண்டியிருந்தது. நிஜம் எல்லோரிடமும் இருந்தது. அவள் கோலம் போடும்போது எங்கள் வாசல்வரை நீட்டுவது, ராமசுப்பு அவளுக்கு மட்டும் மல்லிகைப்பூ வாங்கிவருவது, அவள் மகள் மட்டும் பள்ளியில் பரிசு வாங்குவது என்று எவ்வளவோ எங்கள் வயிற்றுக்குள் சேர்ந்து கிடந்திருக்கிறது, வெளியே எடுத்துப் பார்த்தபோது எங்களுக்கே மலைப்பாக இருந்தது.

"தப்பா நெனைக்காத தாயி, ஒன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிப்போம். "ஒங்கய்யா ஒன் கல்யாணப் பந்தியில பாயசத்துல தண்ணிய ஊத்துனவருதான?"

ஆவுடையின் தொண்டை ஏறி இறங்கும், கை மூடும்.

"வந்துச்சா?"

"வந்துருச்சுக்கா."

"நல்லா இரு" என்று வாழ்த்திவிட்டு நகர்ந்தால் அடுத்தவள் வந்து நிற்பாள். காலையில் யாருக்காவது எரிச்சலாக இருந்தால் அதை வீட்டுக்காரர்மேல் காட்டி வீணாக்காமல் நேரே ஆவுடை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அந்த ஐப்பசியில் எங்கள் காம்பவுண்டில் ஒரு சண்டை இல்லை, ஒரு பாத்திரம் பறக்கவில்லை. மூன்றாம் வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள் என்று பேசிக்கொள்கிற அளவுக்கு அமைதி நிலவியது. தீபாவளி வந்தது, போனது. வேன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ராமசுப்புதான் பாவம். மினி பஸ் கண்டக்டர். பகலெல்லாம் கத்திவிட்டு வருவதாலோ என்னவோ வீட்டில் அவர் குரலே எழும்பாது. மனைவியின் தொழிலுக்குத் தன் பங்காக ஒரு பாசிகூடக் கொடுக்க முடியவில்லையே என்று அவருக்கு ஒரு குறை. ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு ஆவுடை போக மறந்துவிட, மகள் கனி ஒற்றையாக நின்றுவிட்டு வந்ததைக் கேள்விப்பட்டு, "பிள்ளயப் பாக்கத்தான வீட்ல இருக்கேன்னு சொன்ன? அதயாவது பாத்தியா?" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆவுடையின் கையில் அன்றைக்கு விழுந்ததுபோல ஒரு பச்சை எங்கள் யார் கண்ணிலும் அதற்குமுன் பட்டதில்லை. புது நாற்றின் பச்சை, உள்ளே வெளிச்சம் வேறு இருந்தது.

பியூட்டி பார்லர் மேகலா அந்த ஒற்றைப் பாசியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் ஒரு பெரிய இடத்துக் கல்யாணப்பெண் அலங்காரத்துக்கு ஒப்பந்தமாகியிருந்தது. "எனக்கு இதுலயே செட்டா வேணும்க்கா. ஆரம், கம்மல், வளையல், நெத்திச்சுட்டி எல்லாம். இத மட்டும் செஞ்சு குடுத்திட்டீங்கன்னா பெறகு நீங்க என்னைக்கும் யாருக்கும் கைகட்டி வேலைக்குப் போக வேணாம்" என்றாள். குருவம்மாள் ஆவுடையைக் கேட்காமலே சரி என்றுவிட்டாள். ஆவுடை அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கும் ஒரு பாசி விழுந்தது, நிறம் சரியில்லை என்று அதை ஒதுக்கி வைத்தார்கள்.

பச்சைக்காக ராமசுப்பு தினமும் டியூட்டி முடிந்து வந்து, காக்கிச்சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, அதையே சொன்னார். ஆவுடை அதையே விழுங்கினாள். சொல்கிறவருக்கும் கண் கலங்கும், கேட்கிறவளுக்கும் கலங்கும், குருவம்மாள் பாசியை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைப்பாள். இதற்கிடையே ஆவுடை பேசுவதையே அநேகமாக விட்டிருந்தாள். எதையாவது பேசப்போய், சேர்த்துவைத்திருக்கும் பதில்களில் ஒன்று நழுவி வெளியே விழுந்துவிடுமோ என்று பயம். விலை பேசுவது குருவம்மாள், போன் எடுப்பது குருவம்மாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கிவைத்துவிட்டு, "எம்மா, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று கனி ஆரம்பித்தால் "உம்" என்பாள், ஊசிமுனையிலிருந்து கண்ணை எடுக்காமலே "உம்" என்பாள், அப்புறம் கனி தெரியுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். சமத்துப் பிள்ளை, ஆத்தாளைத் தொந்தரவே பண்ணாது என்று நாங்கள் எல்லோரும் அந்தப் பிள்ளையைத்தான் உதாரணமாகச் சொல்லி எங்கள் பிள்ளைகளை அதட்டினோம்.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்து நெற்றிச்சுட்டியில் நடுப்பாசி ஒன்று மட்டும் குறைந்தது. மேகலா ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். காம்பவுண்டே வாசலில் கூடியிருந்தது. ராமசுப்பு சொன்னார், மறுபடி சொன்னார், குரலை ஏற்றியும் சொன்னார். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை, பஸ்ஸில் அவர் தினமும் கத்துகிற 'முன்னாடி எறங்குறவுக வாசலுக்கு வாங்க' என்பதைப்போல வெறும் சத்தமாகிவிட்டிருந்தது. ஆவுடை கையை மூடி மூடித் திறந்தாள், உள்ளே ரேகைதான் இருந்தது. "நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லுடா" என்று குருவம்மாள் தம்பியை அதட்டினாள். அவருக்கு அதற்குமேல் வரவில்லை.

அப்போதுதான் கனி கூட்டத்துக்குள் நுழைந்து வந்தாள். யூனிபாரம்கூட மாற்றவில்லை. அம்மாவுக்கு முன்னால் வந்து மூடிய கையை நீட்டினாள்.

"எம்மா, இந்தா. பச்சை."

கையைத் திறந்தாள். அதே பச்சை, அதே அளவு, உள்ளே அதே வெளிச்சம்.

"ஏ எங்குலசாமி!" என்று குருவம்மாள் இரண்டு கையாலும் பிள்ளைக்குத் திருஷ்டி கழித்தாள். "பிள்ளைக்கும் வந்துருச்சு பாத்தியளா! இனி என்ன கவலை, தலைமொறைக்கும் தொழில் நிக்கும்." நாங்கள் கைதட்டினோம். சிரிக்கவும் செய்தோம். மேகலா கும்பிட்டாள். அமலோற்பவம் மட்டும், கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, கைதட்டாமல் நின்றாள்.

ஆவுடை பாசியை வாங்கினாள், ஊசிமுனையில் ஏற்றினாள், கொக்கிவரை நூலை இழுக்க வேண்டியதுதான் பாக்கி. கை அப்படியே நின்றுவிட்டது.

"யாருட்டி ஒன்ன என்ன சொன்னா?" என்றாள். பல நாளாகப் பூட்டிக் கிடந்த குரல், கரகரவென்று இருந்தது.

"யாரும் ஒன்னுஞ் சொல்லலம்மா."

"பெறகு என்னத்த முழுங்குன?"

கனி தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னாப் பாசி போயிரும்."

சொன்னால் போகுமா போகாதா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆவுடை ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லையே!

"போனாப் போகுது. சொல்லு."

"அக்கா, அக்கா" என்று மேகலா பதறினாள். "கோத்து முடிச்சிருங்க மொதல்ல. பெறகு பிள்ளைகிட்ட ஆற அமரக் கேட்டுக்கலாம்."

"நீ சொல்லு கனி."

கனி அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாசலில் நிற்கிற எங்கள் எல்லோரையும் பார்த்தாள், இத்தனை பேருக்கு நடுவில் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும், உதடு பிதுங்கியது. "பள்ளிக்கூடம் விட்டு வந்தொடன சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வேலையா இருந்த. எல்லாரும் நின்னாக. பசிக்குதும்மா."

ஊசிமுனையில் இருந்த பாசி அங்கே இல்லை.

ஆவுடை அழுவாள் என்று நினைத்தோம். அவள் அழவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

"பசிக்குது."

"சத்தமாச் சொல்லு."

"பசிக்குதும்மா!"

"மதினி, மாவை எடுத்து வெளிய வைங்க. சட்னிக்குத் தேங்காயத் துருவுங்க" என்றாள் ஆவுடை. குருவம்மாளை அந்த வீட்டில் யாரும் வேலை ஏவியதில்லை. திகைப்பில் எழுந்து போய்த் தேங்காயைத் துருவ ஆரம்பித்துவிட்டாள்.

"நெத்திச்சுட்டி இல்லாம நான் எப்படிக்கா..." என்று மேகலா இழுத்தாள்.

"நெத்திச்சுட்டி இல்லன்னு எந்தக் கல்யாணமும் நிக்காது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஆவுடை புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னது நெசந்தான். இவளப் பாக்கத்தான் வீட்டோட இருந்தேன், பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டு பாக்காமப் போயிட்டேன். மொதநாளே அதச் சொல்லி அழுதிருக்கணும். தெனமும் ஒங்கள அந்தச் சொவத்தப் பாக்க வச்சுட்டேனே."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தட்டில் இருந்த ஆரம் ஓசையில்லாமல் இளைத்தது, கம்மலும் வளையலும் கரைந்தன, கடைசியில் தட்டில் வெறும் நைலான் நூலும் கொக்கிகளும்தான் கிடந்தன. மேகலா அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஆட்டோவில் ஏறிப் போனாள். கனி வயிறு நிறையத் தோசை சாப்பிட்டாள். ராமசுப்பு பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அதன்பின் ஆவுடை விழுங்கிவைத்த பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தாள். பெரிய வசவுகள் வந்து விழப்போகின்றன என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம், வந்தவை அப்படி இல்லை. "ஒங்க தம்பிக்குப் புளி ஒத்துக்காது மதினி, அதான் ரசத்துல கம்மியா ஊத்துறேன்" என்றாள் நாத்தனாரிடம். "இதத்தான் இத்தன வருசமா வச்சிருந்தியாக்கும்? இதச் சொல்ல என்ன கேடு?" என்று குருவம்மாள் கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எங்களிடமும் சொன்னாள். அவள் அய்யா பாயசத்தில் தண்ணீர் ஊற்றவில்லையாம், வந்த கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாம், கடைசிப் பந்தியில் அவரும் அம்மாவும் சாப்பிடவே இல்லையாம். இப்படி ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல ஊரில் எங்கெங்கோ கழுத்துகளில் வெறும் நூல் தொங்கியது. கேட்டு வந்தவர்களிடம் ஆவுடை மறைக்காமல் விஷயத்தைச் சொல்லி, மதுரைக்குப் போய்க் கண்ணாடிப் பாசி வாங்கிவந்து வேறு கோத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். சிலர் சரி என்றார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள், சண்டைக்கு வந்தவர்களோடு அவளும் சரிக்குச் சரி நின்றாள். காம்பவுண்டில் மறுபடி பாத்திரம் பறக்க ஆரம்பித்தது.

வேன் பேச்சு மறுபடி எழுந்தது. எழுப்பியது குருவம்மாள்தான். "கண்ணாடிப் பாசி ஊருல எல்லாக் கடையிலயும் கெடக்கு. ஒன்கிட்ட எவ வருவா?" என்றாள். "வந்தா வரட்டும் மதினி, வராட்டி என்ன செய்யலாம்னு ஒக்காந்து பேசுவோம். பேசாம வேன்ல ஏறமாட்டேன்" என்றாள் ஆவுடை. குருவம்மாள் வெற்றிலையோடு சேர்த்துத் தன் பதிலையும் மென்று விழுங்கினாள். அன்று முழுக்க அவள் கையை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், நல்லவேளை, ஒன்றும் வரவில்லை.

கண்ணாடிப் பாசியில் முதல் மாலையை ஆவுடை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கோத்தாள். விற்குமா விற்காதா என்பது அதை வைத்துத்தான் தெரியும் என்பதால் அமலோற்பவம் தையலைப் போட்டுவிட்டு வந்தாள், நாங்களும் வந்தோம். நீலமும் வெள்ளையுமாகப் பார்க்கச் சுமாராக இருந்தது. யாருக்கும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. "நல்லாத்தான இருக்கு", "எடுப்பா இருக்கு" என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

கனி மாலையை வாங்கி உள்ளங்கையில் போட்டு, புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்லாவே இல்லம்மா."

ஆவுடை மகளைப் பார்த்தாள், பிறகு மாலையைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். பாசிகள் தரையெல்லாம் உருண்டு ஓடின, நாங்கள் கால்களைத் தூக்கிக்கொண்டோம்.

"சரி, எப்படிக் கோக்கலாம்? நீ சொல்லு" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கனி எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் பெரியது வர வேண்டும் என்றாள், இந்த வெள்ளை வேண்டவே வேண்டாம் என்றாள், அப்படியே பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நடந்தது, நேற்று நடந்தது, மழைக்காலத்தில் நடந்தது, பல் விழுந்த அன்று நடந்தது என்று போய்க்கொண்டே இருந்தாள். ஆவுடை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.